முதலாளி இல்லாமல் கடை ஓடுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. ஹார்டுவேர், பலசரக்கு, மெஸ், மருந்துக்கடை, இரண்டு மூன்று ஜவுளிக்கடை. மாதாமாதம் பில் கட்டோடு வருகிறவர்கள் வரியைப் பற்றிக் கேட்பதைவிட அதிகம் கேட்பது இதைத்தான்: "மச்சினன் கல்யாணத்துக்குக்கூட இரண்டு நாள் சேர்ந்தாற்போல் போக முடியவில்லை, இதற்கு ஒரு வழி இல்லையா?" ஒரே பதிலை ஒவ்வொருவரிடமும் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

நான் இல்லாம கடை ஓடணும்னா என்ன அர்த்தம்? நான் கடைப்பக்கமே வரக்கூடாதா?

தாராளமாக வரலாம். வந்தே ஆகவேண்டும் என்ற நிலை இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

இப்படி யோசித்துப் பாருங்கள். ஒரு வாரம் நீங்கள் ஊரில் இல்லை, போனும் எடுக்கவில்லை. சரக்கு வந்து இறங்குமா? வந்தவருக்குச் சரியான விலையில் விற்பார்களா? வசூலான பணம் பேங்குக்குப் போகுமா? நீங்கள் திரும்பி வந்ததும், யாரையும் விசாரிக்காமல் நோட்டைப் பார்த்தே அந்த வாரம் நடந்ததைத் தெரிந்துகொள்ள முடியுமா? முதல் மூன்றுக்கும் "சமாளிச்சுக்குவாங்க" என்பவர்கள் நாலாவதில் மௌனமாகிவிடுவார்கள். உண்மையில் அங்கேதான் வேலை பாக்கி இருக்கிறது.

நல்ல மேனேஜர் ஒருத்தரைப் போட்டா முடிஞ்சுது. இதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை?

நீங்கள் தலைக்குள் வைத்திருந்ததை எல்லாம் அவர் தலைக்கு மாற்றிவிடுவீர்கள். கடை உங்களை நம்பி இருந்தது போய் அவரை நம்பி இருக்கும். எனக்குத் தெரிந்த ஹார்டுவேர் கடையில் பதினோரு வருடம் இருந்த மேனேஜர், அப்பாவுக்கு முடியவில்லை என்று திடீரென ஊருக்குப் போய்விட்டார். எந்தக் கொத்தனாருக்கு எவ்வளவு கமிஷன், எந்தப் பெயின்ட் டீலர் எத்தனை நாள் தவணை தருவார், எதுவும் எழுத்தில் இல்லை. முதலாளிக்கே தெரியவில்லை. இரண்டு மாதம் அந்தக் கடை பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

தூரத்திலிருந்து கடை நடத்துவது நமக்குப் புதிதும் இல்லை. நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கடை வைத்திருந்த காலத்தில், முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டில்தான் இருப்பார். ரங்கூன் கடையை நடத்துவது ஏஜெண்டு. அவர் கையில் முதலாளி எழுதிக்கொடுத்த அதிகாரப் பத்திரம் இருக்கும், கணக்கு ஒழுங்காக ஊருக்கு வந்துகொண்டிருக்கும். பொதுவாக மூன்று ஆண்டு முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு அவர் ஊர் திரும்புவார், அடுத்த ஆள் போவார். கப்பலும் தபாலும் மட்டுமே இருந்த காலம் அது. நம்பிக்கையான ஆள் அவர்களுக்கும் தேவைப்பட்டார். ஆனால் ஆள் மாறினாலும் கடை மாறாதபடி கணக்குமுறையை வைத்திருந்தார்கள். இங்கே நான் சொல்லப்போவதில் பாதி அதுதான்.

சரி, எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். இரண்டு வாரத்துக்கு, கடையில் யாராவது உங்களிடம் வந்து எதையாவது கேட்கும்போதெல்லாம் ஒரு வரி எழுதுங்கள். "அரை இஞ்ச் பைப் பத்து லென்த் எடுத்தா எவ்வளவு குறைக்கலாம்?" "மேலமாசி வீதி பார்ட்டிக்குக் கடன் தரலாமா?" "அண்ணே, குடோன் சாவி?" என்ன பதில் சொன்னீர்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். பதிலை விட்டுவிட்டால் நோட்டு வீண்.

இரண்டு வாரம் கழித்து எண்ணிப் பாருங்கள். நான் பார்த்த நோட்டுகளில் எல்லாம் கேள்விகள் மூன்றே மூட்டையில் அடங்கிவிட்டன: விலை, கடன், சாவி. சாவி என்றால் கல்லா, குடோன், செக் புத்தகம், பாஸ்வேர்டு, ஓடிபி எல்லாம் சேர்த்து. சரக்கு எடுத்துக் கொடுப்பது, மூட்டை தூக்குவது, பில் போடுவது எதற்கும் உங்களை யாரும் கூப்பிடவில்லை என்பதும் தெரியவரும். அது பலருக்கு ஒரு அதிர்ச்சி. காலையிலிருந்து இரவுவரை அவர்கள் ஓடி ஓடிச் செய்வது அதைத்தான்.

ஒரே கேள்வி நாலு தடவைக்கு மேல் வந்திருந்தால், அதற்கான பதிலை ஒரு தாளில் எழுதிக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். முதல் மாதத்துக்கு இது போதும். பெரிய கம்பெனி மாதிரி நூறு பக்கத்துக்கு விதிப்புத்தகம் எழுத உட்கார்ந்தவர்கள் யாரும் அதை முடித்து நான் பார்க்கவில்லை.

எங்க தொழில் எழுதி வைக்கிற தொழில் இல்ல சார். கைப்பக்குவம். மெஸ்ஸுக்கு இதெல்லாம் சரிப்படுமா?

பக்குவத்தில் பெரும்பகுதி அளவுதான். இட்லிக்கு அரிசி நாலு, உளுந்து ஒன்று என்பது எல்லோருக்கும் தெரியும். உங்கள் மாஸ்டருக்கு மட்டும் தெரிந்தது, மார்கழிக் குளிரில் மாவை எவ்வளவு முன்னதாக ஆட்டவேண்டும், சித்திரையில் எந்த நேரத்தில் ஃபிரிட்ஜில் ஏற்றவேண்டும் என்பது. அதையும் மணிக்கணக்காக எழுதலாம். ஒரு மாதம் மாஸ்டர் பக்கத்தில் எடைத் தராசோடு ஒரு பையன் நின்றால் முக்கால்வாசி எழுத்துக்கு வந்துவிடும். மீதிக் கால்வாசி வராது, உண்மைதான். அந்தக் கால்வாசி இல்லாமலும் நன்றாக வரும் பண்டங்களை மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள்.

மெக்டொனால்டு சகோதரர்கள் 1948-ல் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் செய்தது இதைத்தான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடையைச் சில மாதம் மூடி, பண்டங்களின் பட்டியலை ஒன்பதாகச் சுருக்கி, அதற்கேற்ப சமையலறையை மாற்றினார்கள். பிறகு புதுக் கட்டடம் கட்டும்போது டென்னிஸ் மைதானத்தில் சாக்பீஸால் சமையலறையை வரைந்து, ஆட்களை அதற்குள் நடமாடவிட்டு, எங்கே இடித்துக்கொள்கிறார்கள் என்று பார்த்து அழித்து அழித்து வரைந்தார்கள். நமக்கு பர்கர் வேண்டாம், சுருக்கியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். என் வாடிக்கையாளர் ஒருவர் மெஸ்ஸில் "கேட்டா செஞ்சு தர்றோம்" என்று இருந்த ஏழு ஐட்டத்தை நிறுத்தினார். வியாபாரம் கொஞ்சம் குறைந்தது. மாஸ்டர் லீவு போட்ட நாளில் கடை திறந்திருந்தது.

விலையை வேலையாள்கிட்ட சொல்லிட்டா பக்கத்துக் கடைக்குப் போயிடாதா?

வாங்கிய விலையைச் சொல்ல வேண்டியதில்லை. விற்கும் விலை, அதற்குக் கீழே போகக்கூடாத விலை, இந்த இரண்டும் போதும். 480 ரூபாய் சாமானுக்கு 455 வரை ஆளே குறைக்கலாம், அதற்குக் கீழே கேட்டால் "இல்லைங்க" என்று சொல்லிவிடலாம். சில பேரம் கைவிட்டுப் போகும், போகட்டும்.

ஜவுளிக்கடைகளில் பழைய உத்தி ஒன்று உண்டு. ஒரே எழுத்து திரும்ப வராத பத்து எழுத்துத் தொடர் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு இலக்கம் கொடுத்து, அடக்க விலையைச் சீட்டிலேயே எழுதிவிடுவார்கள். படிக்கத் தெரிந்தவர் மட்டும் படிப்பார். இப்போது பில்லிங் சாஃப்ட்வேரிலேயே அடக்க விலை யாருக்குத் தெரியவேண்டும், யாருக்குத் தெரியக்கூடாது என்று பிரித்து வைக்கலாம். எப்படியும் வருடக்கணக்கில் சரக்கு இறக்கும் பையனுக்கு அடக்க விலை தெரியாது என்று நினைப்பது நம் ஆசைதான். லாரி சீட்டை அவன்தானே வாங்குகிறான்.

கல்லாவை விட்டு நகர்ந்தா திருட்டு நடக்குமே?

நீங்கள் உட்கார்ந்திருக்கும்போதும் நடக்கிறது. வருடக் கடைசியில் ஸ்டாக் எடுக்கும்போது குறைவதை "எலி தின்னது, சிந்தினது" என்று எழுதிவிடுகிறோம்.

நான் எல்லாருக்கும் சொல்வது இரண்டு பழக்கம். ஒன்று, சரக்குக்கு ஆர்டர் போடுபவர், இறங்கிய சரக்கை எண்ணி வாங்குபவர், அதற்குப் பணம் கொடுப்பவர் மூவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. இரண்டே பேர் உள்ள கடையில் பணம் கொடுப்பதை மட்டுமாவது உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, தினமும் ஐந்தே ஐந்து ஐட்டத்தை எண்ணிக் கம்ப்யூட்டரில் உள்ள இருப்போடு ஒப்பிடுங்கள். எந்த ஐந்து என்று முன்கூட்டிச் சொல்லக்கூடாது. பத்து நிமிட வேலை. முழு ஸ்டாக் எடுக்கக் கடையை இரண்டு நாள் அடைப்பதைவிட இதற்குப் பயம் அதிகம்.

புதுத் திருட்டு ஒன்று யூபிஐ வந்தபின் வந்திருக்கிறது: கூட்ட நேரத்தில் ஆள் தன் சொந்த கியூஆரை நீட்டிவிடுவது. ஸ்பீக்கர் பெட்டி சத்தம் போட்டதா என்று கவனிப்பதெல்லாம் கூட்டத்தில் நடக்காது. இரவு கடை அடைக்கும் முன் பில் மொத்தம் ஒரு பக்கம், ரொக்கம், யூபிஐ, கார்டு, கடன் நாலையும் கூட்டினால் வருவது மறு பக்கம். இரண்டும் அன்றைக்கே ஒத்துப்போக வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட வித்தியாசம் ஒருநாளும் கிடைத்ததில்லை. பில்லே போடாமல் விற்றால் இதில் தெரியாது. அதைப் பிடிப்பதற்குத்தான் ஐந்து ஐட்டம்.

கேமரா போட்டு வீட்லேருந்தே போன்ல பாத்துக்கிட்டா?

அப்படியானால் நீங்கள் கடையில்தான் இருக்கிறீர்கள், நாற்காலிதான் வீட்டில். கேமரா ஏதாவது நடந்தபின் திரும்பிப் பார்ப்பதற்கு. "சட்டை மாட்டிக்கிட்டு நில்லுடா" என்று போனில் சொல்வதற்கு இல்லை. அப்படிச் சொல்லும் கடையில் நல்ல ஆள் நிற்கமாட்டான்.

கடன் பாக்கி எனக்குத்தான் தெரியும், யார் தருவான் யார் தரமாட்டான்னு. அதை எப்படி எழுதுறது?

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தொகை, ஒரு நாள் கணக்கு. "இவருக்கு 25,000 வரை, 30 நாள்." பழைய பாக்கி 30 நாளைத் தாண்டியிருந்தால் புதுக் கடன் இல்லை, யார் கேட்டாலும். இந்தக் கடைசி இரண்டு சொல்லில்தான் எல்லாம் உடைகிறது, ஏனென்றால் முதலில் மீறுவது நீங்கள்தான். சொந்தக்காரர் வருவார், கட்சிக்காரர் வருவார், "எழுதிக்கப்பா" என்பீர்கள். அன்றோடு ஆள் அந்தத் தாளைப் பார்ப்பதை விட்டுவிடுவான். மீறத்தான் வேண்டும் என்றால் உங்கள் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுங்கள், கடை நோட்டில் எழுதாதீர்கள்.

இதுக்கெல்லாம் ஆள் வெச்சா என் லாபம் என்ன ஆகும்?

சில கடைகளுக்கு இது கட்டுப்படியாகாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு உதாரணம். மாத விற்பனை 6 லட்சம், அதில் சரக்கு வாங்கிய விலை போக 15 சதவீதம் நிற்கிறது, அதாவது 90,000. வாடகை 18,000, இரண்டு ஆள் சம்பளம் 28,000, கரண்ட், டீ, சில்லறைச் செலவு 6,000. மீதி 38,000. உங்கள் இடத்தில் உட்காரத் தகுந்த ஆளுக்கு 22,000 என்றால் உங்களுக்கு 16,000 மிஞ்சும். இதுவரை லாபம் என்று நினைத்ததில் பெரும்பகுதி உங்கள் சம்பளம் என்பது அப்போதுதான் தெரியும். இந்தக் கடை இன்னும் வளரவேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் உட்கார்ந்துதான் ஆகவேண்டும். அதில் கேவலம் ஒன்றும் இல்லை.

எனவே ஆள் தேடும் முன், ஆறு மாதம் உங்களுக்கே ஒரு சம்பளம் எழுதி எடுத்துப் பாருங்கள். சம்பளம் போக லாபம் நிற்கிறதா என்று தெரிந்துவிடும். அப்புறம், ஆள் எண்ணிக்கை 10-ஐத் தொட்டால் இஎஸ்ஐ, 20-ஐத் தொட்டால் பிஎஃப் வரும். அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். மருந்துக்கடைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று: டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கும் இடத்தில் பதிவு பெற்ற ஃபார்மசிஸ்ட் இருந்தாக வேண்டும். அந்தத் தகுதி உங்களுக்கு மட்டும்தான் இருக்கிறது என்றால், வைக்கும் ஆளுக்கும் அது இருக்க வேண்டும்.

செக், பேங்க், ஜிஎஸ்டி எல்லாம் என் கையெழுத்து, என் போன். நான் எப்படி நகர்றது?

இதில்தான் பாதிப் பேர் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். நன்றாகப் பழகிய ஆள், ஒழுங்கான நோட்டு எல்லாம் இருக்கும். ஓடிபி மட்டும் கொடைக்கானலில் சிக்னல் இல்லாத போனுக்குப் போகும்.

கடைக்கென்று தனி நம்பர் ஒன்று வாங்கி, அந்த போனைக் கடையிலேயே வையுங்கள். சப்ளையர், கூரியர், கரண்ட் பில் எல்லாம் அந்த நம்பருக்கு. பேங்க் நம்பரை மட்டும் அதில் வைக்காதீர்கள். பேங்கில் நடப்புக் கணக்குக்கு, ஒருவர் பணம் அனுப்பத் தயார்செய்து மற்றவர் ஒப்புதல் கொடுக்கும் வசதி உண்டு, கேட்டு வாங்குங்கள். தயார்செய்வது ஆள், ஒப்புதல் நீங்களோ வீட்டில் ஒருவரோ. சின்னச் செலவுக்கு வாரம் ஒரு தொகை ரொக்கமாகக் கொடுத்துச் சீட்டோடு கணக்கு வாங்குங்கள். ஆனால் ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவை வருமான வரியில் பொதுவாக ஏற்கமாட்டார்கள் என்பதை ஆளுக்கும் சொல்லிவையுங்கள்.

ஜிஎஸ்டியில் உங்களைத் தவிர இன்னொருவரையும் அதிகாரம் பெற்ற கையொப்பதாரராகச் சேர்க்கலாம். மாதாந்திரக் கணக்கு என்றால் விற்பனை விவரம் 11-ம் தேதி, வரி 20-ம் தேதி. இந்த இரண்டு தேதியும் நீங்கள் எங்கே இருந்தாலும் வரும்.

ஆளை நல்லா பழக்கினதும் எதிர்லயே கடை போட்டுடுறான். "போடமாட்டேன்"னு எழுதி வாங்கலாமா?

எழுதி வாங்கலாம், செல்லாது. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி, ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. கடையை விலைக்கு விற்றவர் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, வேலையை விட்டுப் போனவருக்கு அது பொருந்தாது. பத்திரத்துக்கு ஆகும் செலவை அவருக்கே போனஸாகக் கொடுங்கள்.

நகரத்தார் கடைகளில் ஏஜெண்டுக்குச் சம்பளம் தவிர லாபத்திலும் ஒரு பகுதி போகும். நானும் அதைத்தான் சொல்வேன். கடை லாபத்தில் ஒரு சதவீதத்தைச் சொல்லி, அதைக் கணக்கைக் காட்டியே கொடுங்கள். கணக்கைக் காட்ட மனமில்லாதவர்கள் விற்பனையில் கமிஷன் கொடுக்கிறார்கள். அப்புறம் ஆள் கண்டவருக்கெல்லாம் கடன் கொடுத்து விற்பனையை ஏற்றுகிறான் என்று என்னிடம் வந்து புலம்புகிறார்கள். இவ்வளவு செய்தும் போகிறவர் போவார். மேலே சொன்ன தாள்கள் இருந்தால் அவர் தன்னை மட்டும்தான் கூட்டிப்போவார்.

வெளியாள் எதுக்கு, பையனையே உக்கார வெச்சா?

பையனுக்கு விருப்பம் இருக்கிறதா என்று யாராவது கேட்டீர்களா? இருந்தால் நல்லது. அவனுக்கும் அதே தாள், அதே ஐந்து ஐட்டம், அதே இரவுக் கணக்கு. கல்லாவிலிருந்து எடுத்தால் சீட்டு எழுதவேண்டும். முதலாளி மகன் சீட்டு எழுதாமல் எடுப்பதைப் பார்த்த ஆள் அடுத்த மாதம் தானும் எடுப்பான்.

பழைய வாடிக்கையாளர்கள் என்னைத்தான் தேடுறாங்க. "அண்ணாச்சி எங்க?"ன்னு கேட்டுட்டுத் திரும்பிடுறாங்க.

அவர்கள் தேடுவது பாதி உங்களை, பாதி நீங்கள் குறைக்கும் பத்து ரூபாயை. பத்து ரூபாயை ஆளே குறைக்கலாம் என்று மேலே விலைக் கேள்வியில் சொன்னேன். மீதிப் பாதிக்கு, மூன்று மாதம் நீங்களே கடையில் நின்று, "நம்ம தம்பிகிட்ட கேளுங்க, என்னைவிட அவனுக்குத்தான் தெரியும்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக் கைமாற்ற வேண்டும். நீங்கள் இருக்கும்போதே மாற்றினால்தான் மாறும். அப்படியும் சிலர் மாறமாட்டார்கள். அவர்களுக்காக வாரத்தில் ஒரு மாலை கடைக்கு வாருங்கள், பேசிக்கொண்டிருங்கள்.

எல்லாம் செஞ்சாச்சு. ஓடும்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

போய்ப் பாருங்கள். முதலில் அரை நாள், பிறகு வாரநாளில் ஒரு முழு நாள், அப்புறம் மூன்று நாள். சபரிமலைக்கு மாலை போடுகிறவர்களுக்கு ஒரு வசதி, மலைக்குப் போய்வரும் நாலைந்து நாளைச் சோதனையாக வைத்துக்கொள்ளலாம். பம்பையில் நின்று போன் போட்டு "இன்னிக்கு எவ்வளவு?" என்று கேட்டால் சோதனை கெட்டுவிடும்.

திரும்பி வந்ததும் விற்பனைத் தொகையை முதலில் பார்க்காதீர்கள். ஆட்கள் எங்கே தடுமாறினார்கள் என்று கேளுங்கள். உங்களைக் கூப்பிட நினைத்தும் கூப்பிட முடியாமல் அவர்களாக முடிவெடுத்த இடங்கள்தான் நோட்டில் அடுத்து எழுதவேண்டியவை. முடிவு தப்பாகியிருந்தாலும் முதல் தடவை திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை முடிவே எடுக்கமாட்டார்கள். ஆளுக்கும் இப்படிக் கட்டாய லீவு கொடுங்கள். லீவே எடுக்காத கேஷியரை "எவ்வளவு விசுவாசம்!" என்று பாராட்டிய ஒரு முதலாளிக்கு, அந்த கேஷியர் டெங்குவில் படுத்த வாரத்தில்தான் கணக்கு வழக்கு புரிந்தது.

எனக்கே திடீர்னு ஏதாவது ஆயிட்டா?

யாரும் கேட்க விரும்பாத கேள்வி. இதைக் கடைசியில், எழுந்து செருப்பை மாட்டும்போதுதான் கேட்பார்கள். தனி உரிமையாளர் கடை என்றால் சட்டப்படி கடையும் நீங்களும் ஒன்றுதான். ஆளுக்கோ மனைவிக்கோ எழுதிக்கொடுத்த பவர் பத்திரம் நீங்கள் இருக்கும்வரைதான் செல்லும். நடப்புக் கணக்கில் நாமினி போட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஜிஎஸ்டி எண்ணும் உங்களோடு போகும். வாரிசு புது எண் வாங்கி, பழைய எண்ணில் மிச்சமிருக்கும் உள்ளீட்டு வரியை (சரக்கு வாங்கும்போது கட்டிய வரியில் இன்னும் கழித்துக்கொள்ளாததை) படிவம் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும். அதுவரை கடை தள்ளாடும்.

கூட்டு வியாபாரத்தில், 1932-ம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு கூட்டாளி இறந்தால் கூட்டு கலைந்துவிடும். கலையாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் தொடரும். ஆனால் மூன்று பேராவது இருக்கும் கூட்டுக்குத்தான் அது உதவும், இருவரில் ஒருவர் போனால் மிஞ்சுவது ஒருவர்தானே. கம்பெனியாகப் பதிவு செய்தால் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் வருடாவருடம் தாக்கல் செலவு கூடும். எது தோது என்பதை உங்கள் ஆடிட்டரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள், என் பேச்சை மட்டும் கேட்டுச் செய்யவேண்டாம். அதற்கு முன், இன்று இரவே வீட்டில் ஒருவரிடம் சொல்லவேண்டியது: எந்தெந்தப் பேங்க், எந்த லாக்கர், யாருக்கு எவ்வளவு தரவேண்டும், யார் நமக்குத் தரவேண்டும். ஒரு தாள் போதும்.

எல்லாத்தையும் கொடுத்துட்டா நான் எதை வெச்சுக்கிறது?

கடைவாடகை ஒப்பந்தம், பேங்க் கடன், புது ஆளைச் சேர்ப்பது, வேலையிலிருந்து நிறுத்துவது, விலைப்பட்டியலில் அந்தக் கீழ்விலை. இந்த ஐந்தும் உங்களிடமே இருக்கட்டும். வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் கணக்குத் தாள்களைப் பாருங்கள்: விற்பனை, பேங்குக்குப் போன தொகை, 30 நாள் தாண்டிய பாக்கி, எண்ணிக்கையில் குறைந்த ஐட்டம். நாலு எண்தான். திங்கட்கிழமை காலையில் வேண்டாம், எல்லாக் கடையிலும் அன்றைக்குத்தான் சரக்கு இறங்குகிறது, கூப்பிட்டு ஏதாவது சொல்லத் தோன்றும்.